பிரேக் பெடல் கல்லாகிவிட்டதா? பூஸ்டரில் கை வைக்குமுன் இதைப் பாருங்கள்

திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்கு ஹயர் போய் இறங்கி வரும்போதுதான் அது நடந்தது. கோட்டைக்குள்ளே மான்கள் எந்த நேரமும் திரியும், திருமலையில் ஓட்டுகிறவர்களுக்கு அது புதிதில்லை, அதனால் மெதுவாகத்தான் வந்தேன். வளைவில் ஒரு தடவை பிரேக் பிடித்தேன், நன்றாகப் பிடித்தது. கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளிமான் தன் பாட்டில் ரோட்டுக்குக் குறுக்கே வந்து நின்றது, உடனே இரண்டாம் தடவை மிதித்தேன், பெடல் இறங்கவே இல்லை. சுவரை மிதித்தது போல இருந்தது. சீற்றிலிருந்து எழும்பி முழுப் பாரத்தையும் காலில் போட்ட பிறகுதான் வான் நின்றது. மான் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. பின்னால் இருந்த அம்மாதான் "என்ன தம்பி, பிரேக் இல்லையோ?" என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த நாள் ஒரு கராஜில் காட்டினேன். இரண்டு தரம் மிதித்து, இஞ்சின் பக்கம் மீற்றரும் வைத்துப் பார்த்துவிட்டு "பூஸ்டர் போயிட்டுது" என்றார்கள். பிரேக் மிதிக்கிற காலுக்குத் துணையாகத் தள்ளுகிற பெட்டிதான் பூஸ்டர். கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு ரீகண்டிஷன் பூஸ்டர் எடுப்பித்துப் பூட்டினோம். காசும் போனது, மூன்று நாள் ஓட்டமும் போனது, பெடல் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் பிழை ஒரு சாண் நீளமான இறப்பர் ஹோஸில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பெடல் இறுகினால் எல்லோரும் முதலில் பூஸ்டரைத்தான் பிடிப்பார்கள். பூஸ்டர் வரைக்கும் வெக்யூம் (வெற்றிடம்) வந்து சேருகிறதா என்று பார்த்த பிறகு அதைத் தொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

முதலில் ஒரு சொல்லைச் சரிப்படுத்திக்கொள்வோம். "பிரேக் சரியில்லை" என்று கராஜில் போய்ச் சொன்னால் அது வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொன்ன மாதிரி. பெடல் பஞ்சு போல அமுங்கி அடி வரைக்கும் போனால் அது வேறு நோய், பைப்புக்குள் காற்று, அல்லது பிரேக் ஒயில் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற உருளை). அப்படியான வண்டியை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகவும் கூடாது. நான் இங்கே கதைப்பது உயரத்திலேயே நின்று இறங்க மறுக்கிற, மிதிக்க மிதிக்கக் கால் வலிக்கிற பெடலைப் பற்றி.

பூஸ்டர் என்ன செய்கிறது

இதை நீங்கள் ஏற்கெனவே ஒரு தடவை அனுபவித்திருப்பீர்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் நினைத்துப் பாருங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு, வரிசை நகரும்போதெல்லாம் காரைத் தள்ளி, கொஞ்சம் உருண்டதும் பிரேக் பிடித்து நிறுத்தினோம். முதல் ஒன்றிரண்டு தரம் பெடல் வழக்கம்போல இறங்கும், அப்புறம் கல். வண்டியில் பிழை ஒன்றும் இல்லை. உள்ளே சேமிப்பில் இருந்த வெக்யூம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பெடலுக்கு முன்னால், மாஸ்டர் சிலிண்டருக்கும் பெடலுக்கும் நடுவில், ஒரு சோற்றுப் பானை மூடி அளவில் வட்டமான கறுப்புத் தகரப் பெட்டி இருக்கும். அதுதான் பூஸ்டர், சிலர் சேர்வோ என்பார்கள். அதன் வயிற்றில் ஒரு இறப்பர் தோல் குறுக்கே இருக்கிறது. சும்மா இருக்கும்போது தோலின் இரண்டு பக்கமும் வெக்யூம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். பெடலை மிதித்ததும் கால் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு திறந்து வெளிக்காற்றை விடும். அந்தக் காற்று தோலை முன்னால் தள்ளும், தோல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும்.

எவ்வளவு தள்ளும்? எட்டங்குலத் தோல் என்று வையுங்கள், குறுக்களவு 20 சென்ரிமீற்றர், பரப்பு ஏறக்குறைய 314 சதுர சென்ரிமீற்றர். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஒரு கிலோ அளவு அழுத்துகிறது. இஞ்சின் அதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சினால் மிஞ்சுகிற வித்தியாசம் 0.6 கிலோவுக்கு மேல். பெருக்கிப் பார்த்தால் 200 கிலோவுக்குக் கிட்ட வரும். நாலு சீமெந்துப் பை உங்கள் காலோடு சேர்ந்து மிதிக்கிறது. அந்த நாலு பையும் வராத நாளில் பிரேக் இல்லாமல் போவதில்லை, உங்கள் கால் மட்டும் தனியாக வேலை செய்கிறது. இதை மனதில் வையுங்கள், ரோட்டில் நடந்தால் உதவும்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. பழைய மொரிஸ் மைனரில் பூஸ்டரே இல்லை, அதன் பெடல் பிறவியிலேயே கட்டி. முச்சக்கர வண்டியிலும் இல்லை. பெரிய லொறி, பஸ் எல்லாம் காற்றுப் பிரேக், அது வேறு உலகம். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் இந்த வெக்யூம் பூஸ்டருக்குப் பதிலாக மின்சாரப் பம்பும் அழுத்தம் சேமிக்கிற குடுவையும் இருக்கும், அவற்றில் டாஷ்போர்டில் பிரேக் லைட் எரிந்து பீப் சத்தம் வந்தால் ஓரங்கட்டுங்கள், கீழே உள்ள எதையும் செய்து பார்க்காதீர்கள். ஆல்டோ, கொரோலா, வானெட், டவுன்ஏஸ், டொல்பின் ஹைஏஸ் இந்த மாதிரி வண்டிகளுக்குத்தான் இந்தக் கதை.

காலால் செய்கிற சோதனைகள்

வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் இழுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். ஒரு சாமானும் தேவையில்லை. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், முடிவை எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் நாலாவதுக்கு வரும்போது முதலாவதில் என்ன நடந்தது என்று மறந்துவிடும், எனக்கு மறந்தது.

ஒன்று. இஞ்சின் நிற்கும்போது பெடலை ஐந்தாறு தரம் மிதியுங்கள். சேமிப்பு முடிந்து பெடல் இறுகும். இறுகின பெடலில் காலை வைத்து நடுத்தரமாக அழுத்திக்கொண்டே திறப்பைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணுங்கள். இஞ்சின் பிடித்ததும் பெடல் உங்கள் காலுக்குக் கீழே கொஞ்சம் தானாக இறங்க வேண்டும். இறங்கினால் வெக்யூம் வருகிறது, பூஸ்டரும் வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால் ஒன்றில் வெக்யூம் வரவில்லை, அல்லது பூஸ்டர் செத்துவிட்டது. எது என்று இன்னும் தெரியாது, முடிவுக்கு வராதீர்கள். இறங்கிக்கொண்டே போய்த் தரையைத் தொட்டால் பிரேக் ஒயில் பக்கத்தில் பிழை, அத்தோடு ஓட்டத்தை நிறுத்துங்கள்.

இரண்டு. இஞ்சினை ஒன்றிரண்டு நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். இப்போது மெதுவாக, இடைவெளி விட்டு மூன்று தரம் மிதியுங்கள். முதல் தரம் ஆழமாகப் போய், இரண்டாவது அதைவிட மேலே நின்று, மூன்றாவது இன்னும் மேலே நின்றால் பூஸ்டர் வெக்யூமைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் மிதியிலேயே கல் என்றால் எங்கோ ஒழுகுகிறது, பெரும்பாலும் ஒருவழி வால்வு, அதாவது பூஸ்டருக்குப் போகிற ஹோஸில் காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு. இதே சோதனையை இரவு நிறுத்திவிட்டுக் காலையில், ஸ்டார்ட் பண்ணுமுன் செய்து பாருங்கள். நல்ல வண்டியில் விடிந்த பிறகும் ஒரு மிதிக்காவது வெக்யூம் மிச்சம் இருக்கும்.

மூன்று. இஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு இஞ்சினை நிறுத்துங்கள். முப்பது விநாடி காலை எடுக்கக் கூடாது. பெடல் இருந்த இடத்தில் இருந்தால் நல்லது. காலை மேலே தள்ளிக்கொண்டு வந்தால், மிதிக்கும்போது மட்டும் பூஸ்டருக்குள் ஒழுக்கு இருக்கிறது.

இவை மூன்றையும் எந்தப் பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம், கேட்டாலும் சொல்வார். என் வானில் மூன்றும் சரியாக வந்தன! அதனால்தான் தலை சுற்றியது.

நாலாவதைப் பாலையூற்றுப் பக்கம் இருக்கிற ஒரு வயதான பாஸ் சொல்லித் தந்தார். இஞ்சின் ஐட்லிங்கில், அதாவது அக்சிலரேட்டர் மிதிக்காமல் சும்மா, ஓடும்போது பெடலை முழுவதும் மிதித்து, விட்டு, உடனே மறுபடி மிதித்து, விட்டு, உடனே மூன்றாம் தரம். இடையில் மூச்சு விட நேரம் கொடுக்கக் கூடாது. நல்ல வண்டியில் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஏனென்றால் செலவான வெக்யூமை இஞ்சின் உடனே நிரப்பிவிடும். என் வானில் முதல் மிதி வெண்ணெய், இரண்டாவது கட்டி, மூன்றாவது கல். பத்து விநாடி காத்திருந்து மிதித்தால் மறுபடி வெண்ணெய். பாஸ் சிரித்தார். "தம்பி, கிணத்தில தண்ணி இருக்கு, வாளியும் ஓட்டையில்லை. கயிறுதான் முடிச்சு விழுந்து கிடக்கு" என்றார். கோட்டை இறக்கத்தில் முதல் பிரேக் பிடித்து, மானுக்குப் பிடித்த இரண்டாவது பிடிக்காமல் போனது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

காதையும் பயன்படுத்துங்கள். பெடலை மிதிக்கும் நொடியில் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் வருவது வழக்கம்தான், காற்று உள்ளே போகிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போது அந்தச் சத்தம் நிற்காமல் வந்தால், கூடவே இஞ்சின் நடுங்கினால், தோல் கிழிந்திருக்கலாம் அல்லது உள் வால்வு மூடவில்லை. ஏசியையும் ரேடியோவையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கயிறு, அதாவது ஹோஸ்

பூஸ்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகிற தடித்த ஹோஸைத் தேடுங்கள். பெற்றோல் வண்டியில் அது இன்டேக் மெனிபோல்டுக்கு (இஞ்சினுக்குள் காற்றுப் போகிற குழாய்) போகும், டீசலில் வெக்யூம் பம்புக்கு. முழு நீளத்தையும் கையால் தடவிப் பாருங்கள், கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. முனைகளில் கிளிப்புக்கு அடியில் வெடிப்பு, அடிப்பக்கத்தில் உராய்ந்த இடம், எலி கடித்த அடையாளம், விரலால் அமுக்கினால் பிஸ்கட் போல நொறுங்குகிற சத்தம், ஒயில் பட்டு ஊறிப் பழுத்த பழம் போல மெதுமையான இடம். எங்கள் ஊர் வெயிலில் இறப்பர் சீக்கிரம் கிழடாகும், கிளிப் கடற்காற்றில் துருப்பிடித்து இறுக்கம் விட்டுப்போகும்.

ஒரு எச்சரிக்கை, சாரத்தோடு நின்றுகொண்டு ஓடுகிற இஞ்சினுக்குள் குனியாதீர்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் பெல்ட்டுக்கு அது சாரம் என்று தெரியாது.

ஒழுக்கைப் பிடிக்க ஒரு இலேசான வழி, பூச்செடிக்குத் தண்ணீர் விசிறுகிற போத்தல். இஞ்சின் ஐட்லிங்கில் ஓட, ஹோஸின் மூட்டுகளில் கொஞ்சமாக விசிறுங்கள், வயர், பிளக் பக்கம் வேண்டாம். பெற்றோல் இஞ்சினில் ஒழுகுகிற இடத்தில் தண்ணீர் பட்டதும் ஓட்டத்தின் சத்தம் மாறும். சிலர் கார்பரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பார்கள், சூடான இஞ்சினில் அது நெருப்பு, புதியவர்கள் அந்த விளையாட்டுக்குப் போக வேண்டாம்.

என் வானின் ஹோஸ் இந்தச் சோதனைகளை எல்லாம் தாண்டிவிட்டது. என் வான் டொல்பின், அதில் இஞ்சின் சீற்றுக்கு அடியில், பூஸ்டர் முன்னால், அதனால் வெக்யூம் போகிற பாதை நீளம். நடுவில் இரும்புப் பைப், இரண்டு முனையிலும் இறப்பர். வெளியில் ஒரு கீறல் இல்லை. பாஸ் அந்த ஒரு சாண் துண்டைக் கழற்றி, ஒரு பக்கம் வாய் வைத்து ஊதினார், காற்று தாராளமாகப் போனது. பிறகு அதே பக்கத்தில் வாய் வைத்து உறிஞ்சினார், நின்றுவிட்டது. பிளேட்டால் நீளவாக்கில் கீறி விரித்துக் காட்டினார். உட்பக்க இறப்பர் தோல் ஒரு இடத்தில் பிரிந்து, வாழைப்பழத் தோல் மாதிரி ஒரு நாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. ஊதும்போது சுவரோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சும்போது எழும்பி வழியை அடைக்கும், ஓரத்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து போகும். அதனால் நேரம் கொடுத்தால் பூஸ்டர் நிரம்பும், அடுத்தடுத்து மிதித்தால் நிரம்பாது. அந்தத் துண்டை இன்னும் டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

மாற்றும்போது கையில் கிடைத்த ஹோஸைப் போடக் கூடாது. தண்ணீர்க் குழாயும் தெளிந்த பிளாஸ்ரிக் குழாயும் சூட்டில் மெதுமையாகி, உறிஞ்சினதும் தட்டையாகிவிடும். கடையில் "பிரேக் வெக்யூம் ஹோஸ்" என்று கேளுங்கள், சுவர் தடிப்பாக, உள்ளே நூல் வலை பின்னியிருக்கும். பழைய துண்டையும் கையோடு கொண்டுபோங்கள், உள்விட்டம் சரியாக வர வேண்டும். சில வண்டிகளில் ஒருவழி வால்வு ஹோஸுக்குள்ளேயே இருக்கும், வெளியில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அம்பு இஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். மாறிப் பூட்டினால் பூஸ்டருக்கு வெக்யூமே போகாது.

வால்வு தனியாக இருந்தால் அது பூஸ்டரின் முகத்தில் ஒரு இறப்பர் வளையத்துக்குள் சொருகியிருக்கும். இஞ்சினை ஓட விட்டு நிறுத்தி, அதை மெதுவாக ஆட்டி இழுங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால் பூஸ்டர் பிடித்து வைத்திருந்தது என்று அர்த்தம். பிறகு வால்வைத் துடைத்துவிட்டு ஊதிப் பாருங்கள். பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் போக வேண்டும், இஞ்சின் பக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் மாற்றுங்கள், பெரிய விலை இல்லை. இறப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள், காய்ந்த வளையம் புது வால்வைக் கெடுக்கும்.

மீற்றர் வைத்துப் பார்த்தால்

வெக்யூம் கேஜ் ஒன்று வாங்கி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் கராஜில் இரவல் கேளுங்கள். பாதரச அங்குலத்தில் அளவு காட்டும். பெற்றோல் இஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது 16இலிருந்து 22 வரைக்கும் ஊசி அசையாமல் நிற்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பூஸ்டர் பாவம், இஞ்சின்தான் உறிஞ்சவில்லை: மெனிபோல்ட் கெஸ்கற் ஒழுக்கு, டைமிங் பிந்தியது, வால்வு சரியாக மூடாதது இப்படி ஏதாவது. ஊசி துடித்துக்கொண்டிருந்தாலும் இஞ்சினைப் பாருங்கள்.

எங்கே வைத்து அளக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். எல்லோரும் இலேசாக எட்டுகிற இடத்தில், இஞ்சின் முனையில் வைப்பார்கள். என் வானிலும் அங்கே ஊசி அழகாக ஏறியது, அதைப் பார்த்துத்தான் பூஸ்டர் மேல் பழி போட்டார்கள். பூஸ்டர் முனையில் வைத்திருந்தால் ஊசி ஆமை போல ஏறியிருக்கும், ஒரு பூஸ்டரின் காசு மிச்சம். இரண்டு முனையிலும் அளந்து, எவ்வளவு ஏறுகிறது என்பதோடு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்றும் பாருங்கள்.

நுவரெலியாவுக்கு ஹயர் போகிறவர்கள் இதையும் தெரிந்து வைத்திருங்கள். அங்கே உயரம் 1,868 மீற்றர், வெளிக்காற்றே மெலிவு, ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு அங்குலம் குறையும். திருமலையில் கடல் மட்டத்தில் 20 காட்டுகிற வண்டி அங்கே 14 அளவில்தான் காட்டும். அது பிழை இல்லை. ஆனால் இங்கே ஏற்கெனவே 15இல் தவழ்கிற வண்டியை மலைக்குக் கொண்டுபோய், இறக்கத்தில் பெடல் கட்டி என்று சொல்லாதீர்கள், இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

டீசலில் கதை வேறு. பெற்றோலில் போல காற்றை மறிக்கிற தகடு அதில் கிடையாது, அதனால் மெனிபோல்டில் வெக்யூம் உண்டாகாது, தனியாகப் பம்ப் வேண்டும். டொயோட்டா 2எல், 3எல், 5எல், நிசான் டிடி27 போன்ற இஞ்சின்களில் அந்தப் பம்ப் ஆல்டனேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும், இஞ்சின் ஒயிலில்தான் உயிர் வாழும். பம்பின் வாயில் ஹோஸைக் கழற்றி, இஞ்சின் ஓட, பெருவிரலால் மூடிப் பாருங்கள், விரலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். கேஜில் சில விநாடிகளில் 20ஐத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் பெல்ட் இழுவை, பம்புக்கு ஒயில் வருகிற ஹோஸ், உள்ளே தகடுகளின் தேய்மானம் என்று இந்த ஒழுங்கில் பாருங்கள்.

ஆல்டனேட்டர் திருத்திய கையோடு பெடல் இறுகினால் வேறெங்கும் தேடாதீர்கள். பம்பைக் கழற்றிப் பூட்டும்போது ஓ-ரிங் விடுபட்டிருக்கும், அல்லது கிள்ளுப்பட்டிருக்கும். பூட்டுமுன் பம்புக்குள் கொஞ்சம் இஞ்சின் ஒயில் விட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், காய்ந்தபடி ஓட விட்டால் தகடு போய்விடும். வெக்யூம் ஹோஸுக்குள் ஒயில் வந்திருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள், அது பூஸ்டர் வரைக்கும் போனால் தோலை ஊதிப்போகச் செய்யும்.

பூஸ்டர்தான் பிழை என்று எப்போது நம்பலாம்

பூஸ்டர் முனையில் நல்ல வெக்யூம் வேகமாக வருகிறது, வால்வு நல்லது, அப்படியும் முதல் சோதனையில் பெடல் அசையவில்லை அல்லது மூன்றாவதில் காலைத் தள்ளுகிறது. அப்போது நம்புங்கள். பெற்றோல் வண்டியில் இன்னொரு சாட்சி: ஐட்லிங்கில் நடுங்குகிற இஞ்சின், பூஸ்டர் ஹோஸைத் துணி சுற்றி இடுக்கியால் நெரித்ததும் அமைதியானால் காற்று பூஸ்டர் வழியாகத்தான் புகுகிறது.

கழற்றுமுன் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைத் தளர்த்தி அதைச் சற்று முன்னால் இழுத்து, பின்பக்கத்தைத் தடவுங்கள். ஈரமாக இருந்தால் பிரேக் ஒயில் பின் சீல் வழியாகப் பூஸ்டருக்குள் வடிந்துகொண்டிருக்கிறது. வெளியில் ஒரு சொட்டுக் கசிவும் தெரியாமல் தொட்டியில் ஒயில் குறைகிறது என்றால் பெரும்பாலும் இங்கேதான் போகிறது. அப்படியானால் இரண்டையும் மாற்ற வேண்டும், பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் நனைந்து கெடும்.

ரீகண்டிஷன் பூஸ்டர் வாங்கும்போது மூக்கை வைத்துப் பாருங்கள், பிரேக் ஒயில் மணத்தால் வேண்டாம். அடிப்பக்கத் துருவைப் பாருங்கள். விட்டமும், ஒற்றைத் தோலா இரட்டைத் தோலா என்பதும் பழையதோடு ஒத்துவர வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற தள்ளுகம்பியின் நீளத்தைப் பழையதோடு அளந்து பார்த்துச் சரிப்படுத்த வேண்டும், நீளம் கூடினால் பிரேக் எப்போதும் பாதி பிடித்தபடி இருந்து சூடாகும், அந்த வேலையைப் பாஸிடம் விடுங்கள்.

வெக்யூம் எல்லாம் சரி, அப்படியும் கட்டி

நாலு சோதனையும் சரி, கேஜும் சரி, ஆனாலும் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் சக்கரப் பக்கம் போங்கள். நிலாவெளி, உப்புவெளி, மூதூர் என்று கடலோரமே ஓடுகிற வண்டிகளில் பிரேக் பாட்டை அழுத்திப் பிடிக்கிற கலிப்பர் வழுக்கிப் போகிற பின்கள் உப்பில் இறுகிவிடும், பிஸ்டனும் இறுகும். கண்ணாடி போல மினுங்கிப்போன பிரேக் பாட், உள்ளே வீங்கி அடைத்த பிரேக் ஹோஸ், துருப்பிடித்த பெடல் அச்சு எல்லாம் இதே உணர்வைத் தரும். ஓடி வந்த பிறகு நாலு சக்கரத்துக்கும் கிட்ட கையைக் கொண்டுபோனால், தொடாமலே, எது கூடச் சுடுகிறது என்று தெரியும்.

இன்னொன்று, கொஞ்சம் பயங்கரமானது. பிரேக் ஒயில் தொட்டிக்குள் யாராவது தெரியாமல் இஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ விட்டிருந்தால் உள்ளே உள்ள இறப்பர் எல்லாம் வீங்கிவிடும். ஒரு கிளாஸ் தண்ணீரில் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஒயில் தண்ணீரில் கரைந்துபோகும், மற்ற ஒயில் மேலே கண் கண்ணாக மிதக்கும். மிதந்தால் வண்டியை எடுக்காதீர்கள், முழுப் பாதையும் கழற்றிக் கழுவி இறப்பர் மாற்ற வேண்டும்.

ரோட்டில் நடந்தால்

விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் மிச்ச வெக்யூம் செலவாகும். ஒரே தரமாக, தேவையானால் இரண்டு காலாலும், பலமாக மிதித்துப் பிடியுங்கள். கியரைக் குறையுங்கள், ஹாண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். இஞ்சினை நிறுத்த வேண்டாம். இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று இஞ்சினை நிறுத்தி உருட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன், முதல் இரண்டு மிதிக்குப் பிறகு நாலு சீமெந்துப் பையும் இறங்கிப் போய்விடும்.

திருத்தி முடிந்ததும் நாலு சோதனையையும் மறுபடி செய்யுங்கள், பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத மட்டமான ரோட்டில் 15, 20 வேகத்தில் நாலைந்து தரம் அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள். நான் காலை ஐந்தரைக்குக் கன்னியா ரோட்டில் பார்த்தேன். மூன்று மிதியும் வெண்ணெய். பழைய பூஸ்டரை அந்தக் கராஜ் "இரும்புக்குப் போகும்" என்று வைத்துக்கொண்டது, அதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும், கேட்கத்தான் முடியவில்லை.